தங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது

மன்னார்புரம் பக்கம் ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதன் வாசலில் கிடக்கும் என் பிளாஸ்டிக் நாற்காலியை நாளைக்கே தூக்கி எறிந்துவிடுவார்கள். அந்த வாசலில் இப்போது பெரிதாக ஒரு பிளெக்ஸ் பேனர் கட்டியிருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவை மக்கள் சேவையில் சிறப்பாகப் பயன்படுத்தியதற்காக அந்த அலுவலகத்துக்கு விருது கொடுத்திருக்கிறார்களாம். கேடயத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒரு கும்பல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வெயில் ஏறும் நேரத்தில் அந்தப் பேனரின் நிழல் என் மேல் விழுகிறது. நல்ல நிழல். விருதால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

நான் மனு எழுதுகிறவள். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலத்து நெரிசலில் கடுப்பாகி, மன்னார்புரத்தில் இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். ஜெராக்ஸ் கடை ஓரமாக நாற்காலியைப் போட்டு, மடியில் அட்டையை வைத்துக்கொண்டால் சாயங்காலம் வரை ஊரார் கஷ்டத்தை நல்ல தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சண்டை போடாத நாள் கிடையாது. ஆனால் மனு என்று வந்துவிட்டால் என் பேனா குழைந்துவிடும். அதிகாரி கல்நெஞ்சுக்காரராக இருந்தாலும் இரண்டாவது பத்தியில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அப்படி எழுதுவேன்.

இங்கே வருகிற ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவருக்கு ஒரு மனு பலித்துவிட்டால் அது ராசியான மனு ஆகிவிடும். அதன் பிறகு எல்லாருக்கும் அதேதான் வேண்டும். மண்ணச்சநல்லூர்க்காரர் ஒருவர், சின்ன வயதிலேயே கால் சூம்பிப்போனவர், நான் எழுதிய மனுவைக் கொடுத்து, பக்கத்துக்கு ஒரு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டர் வாங்கிவிட்டார். அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை மனு நாளில் என் நாற்காலியைச் சுற்றிக் கூட்டம்.

"அவருக்கு எழுதின மாதிரியே எழுதுங்க. ஒரு எழுத்துகூட மாத்த வேணாங்க."

மாற்றினால் முகம் சுண்டிப்போகும். ஒருவர் அந்த மனுவின் ஜெராக்ஸை வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, குங்குமம் தடவிக் கொண்டுவந்து நீட்டினார். நான் என்ன செய்வது? எல்லாருக்கும் அதே வரியைத்தான் எழுதினேன். 'கால்கள் இருந்தும் நடக்க இயலாத, கனவுகள் இருந்தும் பறக்க இயலாத பாவப்பட்ட ஜென்மமாகிய நான், தாயுள்ளம் கொண்ட தங்களின் மேலான பாதங்களில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.' எழுதி எழுதி அந்த வரி தூக்கத்தில்கூட வரும்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் முசிறிப் பக்கத்துப் பெண். வாழைத் தோட்டத்துக் குடும்பம். பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே வலு இல்லை. இரண்டு பக்கமும் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு நடப்பாள். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, தில்லை நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஸ்ரீரங்கத்தில் சித்தி வீட்டில் தங்கல். ஆனால் சர்க்கரை பார்க்க வருகிற கூட்டமெல்லாம் வெறும் வயிற்றோடு விடிந்ததும் வந்து நிற்கும். அந்த நேரத்தில் அவளுக்கு ஆட்டோ கிடைக்காது, பஸ்ஸில் ஏறவும் முடியாது. தினமும் தாமதம். நிலையத்துக்காரர் நல்ல மனிதர்தான், ஆனாலும் ஆடி முடிகிற வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் வண்டி வந்தால் வேலை இருக்கும். வராவிட்டால் ஊன்றுகோலோடு முசிறிக்குத் திரும்பி வாழைத் தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அவளுக்கு அதைவிடச் சாவே மேல். அவளே சொன்னாள்.

நான் எழுதிக் கொடுத்த மனுவை அவள் படித்துப் பார்த்தாள். மற்றவர்கள் யாரும் படிப்பதில்லை. படித்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"பாவப்பட்ட ஜென்மம்னு போட்டிருக்கீங்களேக்கா. நான் பாவப்பட்ட ஜென்மம் இல்லையே."

"வண்டி வேணுமா வேண்டாமா?"

"வேணும்."

"அப்படின்னா ஒரு தடவை பாவப்பட்ட ஜென்மமா இருந்துட்டுப் போ."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்துக்குள் அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். வருகிற மனுவையெல்லாம் அதுவே படிக்குமாம், அதுவே பிரிக்குமாம், எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று அதுவே அனுப்புமாம். முன்பு மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்டால், ஒன்றும் வாழவில்லை. மனுக்களைச் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டு வைத்திருந்தார்கள். கிணற்றில் போட்ட கல். ஆனால் கிணற்றில் கிடக்கிற கல், 'வேலை முடிந்தது' என்று மெசேஜ் அனுப்பாது.

இது அனுப்பியது. ஒரு காலை நேரம் அந்தப் பெண் ஆட்டோவிலிருந்து இறங்காமலே செல்போனை என்னிடம் நீட்டினாள். 'தங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது. கோரப்பட்ட ஸ்கூட்டர் வழங்கப்பட்டுவிட்டது. தங்கள் திருப்தியைத் தெரிவிக்க நட்சத்திரங்களை அழுத்தவும்.'

"எந்த ஸ்கூட்டர், அக்கா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு வந்தது கோபம்.

அவளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். கண்காணிப்பாளர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மண்ணச்சநல்லூர்க்காரரின் மனுவும் இவள் மனுவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே மாதிரியான வரிகளுக்கெல்லாம் மஞ்சள் அடித்திருந்தது. பக்கம் முழுக்க மஞ்சள்.

"ஒரே ஆளு நாலு தடவை மனு குடுத்தா நாலு கணக்கு ஏறக் கூடாதுல்லங்க. அதனால ஒரே மாதிரி இருக்குறத எல்லாம் இது ஒண்ணா சேத்துரும். அவருக்கு வண்டி குடுத்தாச்சு. அதனால எல்லாமே முடிஞ்சதா ஆயிருச்சு."

"பேரு வேற, ஊரு வேற, அவர் ஆம்பளை, இவ பொம்பளை. அது கண்ணுக்குத் தெரியலையா?"

"பேரெல்லாம் ஜனங்க தப்புத் தப்பா எழுதுறாங்கம்மா. அதனால பேருக்கு மார்க்கு கம்மி, விஷயத்துக்கு மார்க்கு ஜாஸ்தி. அப்படித்தான் செட் பண்ணியிருக்காங்க."

"இவ எதிர்லயே நிக்கிறாளே. நீங்க கையால மாத்துங்க."

"கையால மாத்துற வேலையெல்லாம் இப்ப இல்லீங்க." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உண்மையைச் சொன்னா இதுக்கெல்லாம் நீங்கதான் காரணம். எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதித் தள்ளினா அது என்ன பண்ணும்?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்று கேட்டிருக்கிறேன். இங்கே பூசாரி நன்றாகத்தான் இருக்கிறார், சாமியைத்தான் வெளியூரிலிருந்து வாங்கி வந்திருக்கிறார்கள். ராசியான மனு கொடுத்த அத்தனை பேர் மனுவும் அதே மஞ்சளில் மூடிப் போயிருந்தது. அலுவலகத்தின் நிலுவைக் கணக்கு மளமளவென்று குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குத்தான் பிற்பாடு கேடயம் கொடுத்தார்கள்.

எங்களைச் சமாதானப்படுத்த அவர் இன்னொரு பெட்டியைக் காட்டினார். வரவேற்பு அறையில் புதிதாக வைத்திருந்தார்கள். அதன் முன்னால் நின்று குறையை வாயால் சொன்னால் போதும், அதுவே மனு எழுதிக் கொடுத்துவிடும். இனி யாரும் வெளியே போய் யாரிடமும் எழுதி வாங்க வேண்டியதில்லை என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்களுக்கு முன்னால் கண் தெரியாத ஒருவர் அதனிடம் பேசினார். அது எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டியது. அவர் மூன்று இடத்தில் திருத்தம் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவர் துணை இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவருக்கு என்னால் அந்த நிம்மதியைக் கொடுத்திருக்க முடியாது. வயிற்றெரிச்சலாக இருந்தாலும் உண்மை உண்மைதான்.

அந்தப் பெண் பெட்டியின் முன்னால் நின்று தன் பேச்சில் சொன்னாள். காலையில் ஆட்டோ வருவதில்லை என்றாள், தாமதமாகப் போனால் லேப்பில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்றாள், ஆடி முடிவதற்குள் வேண்டும் என்றாள். பெட்டி கொஞ்சம் முனகிவிட்டு ஒரு தாளைத் துப்பியது. நான் பிடுங்கிப் படித்தேன்.

'கால்கள் இருந்தும் நடக்க இயலாத, கனவுகள் இருந்தும் பறக்க இயலாத பாவப்பட்ட ஜென்மமாகிய நான்...'

இது என் வரி. நான் வெயிலில் உட்கார்ந்து யோசித்த வரி. கண்காணிப்பாளரிடம் போய்க் கத்தினேன். அவர் சாவகாசமாகச் சொன்னார், இதே அலுவலகத்துக்குப் பல வருஷமாக வந்த மனுக்களைத்தான் அதற்குப் படிக்கக் கொடுத்தார்களாம். அதைப் படித்து, மனு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அது கற்றுக்கொண்டதாம். அவற்றில் பெரும்பாலானவை நான் எழுதியவை. என்னைக் கேட்டார்களா? ஒரு வார்த்தை சொன்னார்களா? வீட்டுக்குள் வந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய், அந்த அண்டாவிலேயே எனக்குத் தண்ணீர் விற்கிறார்கள்.

"இந்தப் பெட்டி எழுதினதை அந்தப் பெட்டி மூடிடும்க்கா," என்றாள் அவள். அவள் சொன்னது பலித்தது. பெட்டி எழுதிய மனுவைக் கொடுத்தோம். மறுநாளே மெசேஜ் வந்தது. ஸ்கூட்டர் வழங்கப்பட்டுவிட்டது, நட்சத்திரங்களை அழுத்தவும்.

அன்று வீட்டில் சாதம் வடிக்கும்போது கரண்டியைப் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். அவர் கோயிலில் கோஷ்டியோடு நின்று ஆழ்வார் பாசுரம் ஓதுகிறவர். எதற்கும் அதிர மாட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"இதுக்குப் போயா இத்தனை கோபம்? பெருமாள் திருமுன்னே தினமும் அதே பாசுரத்தைத்தானே சேவிக்கறோம். 'இது நேத்திக்கே கேட்டாச்சு, போ'ன்னு அவர் என்னிக்காவது சொல்லியிருக்காரா?"

"அவர் 'குடுத்தாச்சு'ன்னும் பொய் சொன்னதில்லை."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடி பாதிக்கு மேல் போயிருந்தது.

அடுத்த மனு நாளுக்குள் புதிதாக ஒன்று எழுதிப் பார்த்தேன். 'தாயுள்ளம்' என்பதை 'தந்தையுள்ளம்' ஆக்கினேன். பாவப்பட்ட ஜென்மத்தை ஏழைப் பெண் ஆக்கினேன். பறக்கிற கனவை நீந்த விட்டேன். சீவிச் சிங்காரித்தாலும் அது பழைய மனுதான். அந்தச் சனியனும் அதைக் கண்டுபிடித்துவிட்டது. மூன்றாவது மெசேஜ் வந்தது.

அந்த மெசேஜைப் படித்த இடத்திலேயே அவள் ஊன்றுகோலை என் நாற்காலியில் சாய்த்துவிட்டு, ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்து, "பேனாவைக் குடுங்கக்கா," என்றாள்.

"எதுக்கு?"

"நானே எழுதுறேன்."

எழுதினாள். நான்கைந்து வரிதான். ஐயா கிடையாது, வணக்கம் கிடையாது. 'மூணு தடவை வண்டி குடுத்தாச்சுன்னு சொல்லிட்டீங்க. எந்த வண்டி? என்ன கலரு? யாரு கையில சாவி குடுத்தீங்க? நான் கெஞ்சல. எனக்குக் கிடைக்க வேண்டியதக் கேக்குறேன். ஆடி முடிஞ்சா எனக்கு வேலை போயிரும். போனா உங்க ஆபீஸ் வாசல்லயே வந்து உக்காந்துக்குவேன், எனக்கு வேற எடம் இல்ல.' கீழே கையெழுத்து.

தாளை வாங்கிப் படித்தேன். "இப்படி எழுதினா தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்கம்மா. இதுல ஒரு மரியாதை இருக்கா?"

"மரியாதையா எழுதினதெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள். நான் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் கடையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆடி முடிய இன்னும் சில நாட்கள் இருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. மெசேஜ் இல்லை, மனுஷக் குரல். வண்டி தயாராக இருக்கிறது, தில்லை நகரில் ஒரு மண்டபத்தில் விழா, அங்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். என்னையும் வரச் சொல்லி அவள் பிடிவாதம் பிடித்தாள். அப்படித்தான் நான் அந்த விருது விழாவுக்குப் போனேன், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

மேடை முழுக்கப் பூ. நீல நிற ஸ்கூட்டர், பின்சக்கரத்துக்கு இருபுறமும் இன்னும் இரண்டு சக்கரம், கைப்பிடியில் மாலை. தொகுத்து வழங்கிய அம்மாள் தேன் ஒழுகப் பேசினார். குவிந்து கிடந்த மனுக்களுக்கு நடுவே உண்மையான துயரத்தைச் செயற்கை நுண்ணறிவு தனியாக அடையாளம் கண்டு எடுத்ததாம். 'இந்த மனு மற்றவை போல இல்லை' என்று அதுதான் அதிகாரிகளைத் தட்டி எழுப்பியதாம். கூட்டம் கை தட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று முறை அவளை இல்லாதவள் ஆக்கியதும் அதுதான் என்று சொல்ல அந்த மேடையில் ஆள் இல்லை.

சாவியைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிறகு நன்றி சொல்லச் சொல்லி அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவள் ஒரு ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாங்கினாள்.

"வண்டிக்கு நன்றிங்க. இதுக்கு முன்னாடி மூணு வண்டி எனக்குக் குடுத்துட்டதா மெசேஜ் இருக்கு. இது நாலாவது. மத்த மூணும் எங்க ஓடிக்கிட்டு இருக்குன்னு உங்க மெஷின்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. என்னை மாதிரி நிறைய பேரு தேடுறாங்க."

மேடையில் நடுநாற்காலிக்காரர் பெரிதாகச் சிரித்தார். அவர் சிரித்ததும் அது நகைச்சுவை என்று எல்லாரும் முடிவு செய்துகொண்டார்கள். கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. அடுத்த நிமிஷம் கேடயத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

அவள் வேலை தப்பியது. இப்போது விடிகாலையில் நீல வண்டியில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போகிறாள். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு தடவை பார்த்தேன். நடுரோட்டில் போய்க்கொண்டு, பின்னால் ஹாரன் அடித்தவனைத் திரும்பிப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க எனக்கு மனசு நிறைவாக இருந்தது.

விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை பேனர் நிழலில் வந்து உட்கார்ந்தபோது ஜெராக்ஸ் கடையில் என்றைக்கும் இல்லாத கூட்டம். நகல் எடுக்கிற இயந்திரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், மகனுக்கு வண்டி கேட்டு ராசியான மனு கொடுத்து, முடிந்துவிட்டதாக மெசேஜ் வாங்கியவர்களில் ஒருவர், சுடச்சுட ஒரு தாளை என் முன்னால் நீட்டினார்.

"இது ராசியான மனுவாமே. இதே மாதிரி என் பையனுக்கும் எழுதுங்கம்மா. ஒரு எழுத்துகூட மாத்த வேணாம்."

வாங்கிப் பார்த்தேன். 'எந்த வண்டி? என்ன கலரு?' அந்தப் பெண்ணின் மனு. அதன் மூலையில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

இந்தத் தாளோடு இவர்கள் அத்தனை பேரும் உள்ளே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தனையும் மஞ்சள். நீல வண்டி கொடுத்தாயிற்று, எல்லாம் முடிந்தது, நட்சத்திரத்தை அழுத்து. தாளை அப்படியே இரண்டாகக் கிழித்தேன். அந்த அம்மாள் பதறிப்போனார்.

"இது அவளோட கோவம். இதை வச்சு உங்க பையனுக்கு ஒண்ணும் கெடைக்காது. உங்களுக்கு என்ன கோவம்? அதைச் சொல்லுங்க, எழுதுறேன்."

அவர் கிழிந்த தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு யார் மேலயும் கோவம் இல்லீங்களே," என்றார் பயந்துபோய். "எனக்குக் கோவப்படத் தெரியாதுங்க."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து அவரை அதில் உட்கார வைத்தேன். படியில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"பரவாயில்ல, பையனைப் பத்திச் சொல்லுங்க," என்றேன். "கோவம் எங்கிட்ட நிறைய இருக்கு."